மூன்றாவது பீக்கன்

ரயில்வே மேட்டையே மலை என்று சொல்கிற மினசோட்டாக்காரர்கள் நாங்கள். உறைந்த ஏரியில் பனிவண்டி ஓட்ட எங்கள் ஊரில் யாருக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் என் கணவன் ஆரினும் அவன் கூட்டாளி லைலும், கண்ணால்கூடப் பார்த்திராத மொன்டானா மலையில் வண்டி ஓட்டத் திட்டம் போட்டார்கள். மேஜை முழுக்க வரைபடம். எனக்குச் சாப்பாடு மடியில்.

திட்டம் என்றுதான் பேர். பேச்செல்லாம் மான்கறி வற்றல் எவ்வளவு, டிரெய்லரை யார் இழுப்பது என்றே ஓடியது. கடைசியில் சரிவில் யார் முதலில் ஏறுவது என்று சண்டை வந்தது.

"நான்தான்டா முதல்ல. என் வண்டிதான் புதுசு," என்றான் லைல்.

"வண்டி புதுசுதான். ஓட்டறவன் மூளையும் புதுசாத்தான் இருக்கு, தொட்டதே இல்ல," என்றான் ஆரின். "மார்லிஸ், என் கையுறையைப் பாத்தியா?"

"ஃபிரிட்ஜ் மேல."

இவன் தொலைப்பதும் நான் எடுத்துக் கொடுப்பதுமாகத்தான் எங்கள் குடித்தனம் நடக்கிறது. சாவி, மூக்குக்கண்ணாடி, ஒருமுறை ஒரு முழுப் படகு.

எனக்கோ அந்த மலை பிடிக்கவே இல்லை. அங்கே பனி சரிந்து ஆளை மூடும். கால் மணிக்குள் தோண்டி எடுக்காவிட்டால் பிழைப்பது அபூர்வம். அதற்காகவே பீக்கன் என்று ஒரு சின்ன ரேடியோவை மார்பில் கட்டிக்கொள்வார்கள். கட்டியதிலிருந்து அது காதுக்குக் கேட்காத சிக்னலாகக் கூவிக்கொண்டே இருக்கும். தேடுகிறவன் தன்னுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றினால் அது கூவலை நிறுத்திவிட்டு, புதைந்தவன் இருக்கும் பக்கம் அம்புக்குறி காட்டும். ஒன்று கெட்டால் மாற்று வேண்டும் என்று ஒன்று கூடுதலாக, மூன்று வாங்கிவைத்திருந்தார்கள். மூன்றும் பெட்டியிலேயே தூங்கின.

"ஒண்ணைக் கொல்லையில புதைக்கறேன். கால் மணிக்குள்ள எடுங்க. இல்லேன்னா மொன்டானா கிடையாது," என்றேன்.

"கொல்லையிலயா? கண்ணை மூடிக்கிட்டே எடுப்பேன் தாயே," என்றான் லைல்.

சனிக்கிழமை, ஆரினின் பழைய ஜாக்கெட்டில் வைக்கோலை அடைத்து, மூன்றாவது பீக்கனை உள்ளே வைத்துப் பனியில் புதைத்தேன். தடம் தெரியாமல் கொல்லை முழுக்க மிதித்துவிட்டு இருவரையும் கூப்பிட்டேன்.

ஆளுக்கொரு பீக்கனைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஆரின் அம்புக்குறியைப் பார்த்தபடி நடந்தான். லைல் மண்வாரியோடு அவனைச் சுற்றிச் சுற்றி வந்தான். அம்பு இடது பக்கம் காட்டியது. உடனே வலது பக்கம். அப்புறம் பின்னால்.

"இது ஓடுதுடா!" என்று கத்தினான் ஆரின். "மார்லிஸ், முயல் கழுத்துல கட்டி விட்டியா?"

"நகருடா, நீ நிக்கற இடத்துலதான் காட்டுது!" என்று லைலைத் தள்ளிவிட்டு ஆரின் தோண்டினான். ஒன்றுமில்லை. கால் மணி முடிந்தது.

"லைல், உன்னோடதை மாத்தவே இல்லையே. அது இன்னும் கூவிக்கிட்டிருக்கு," என்றேன். "அவன் இவ்வளவு நேரமும் உன்னைத்தான் தேடியிருக்கான்."

லைல் மாற்றினான். ஆரின் நேராகப் போய்த் தோண்டினான். முதலில் ஒரு கை வெளியே வந்தது. அவனுடைய ஜாக்கெட் கை. லைல் தொப்பியைக் கழற்றினான். யாரும் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவ புதை," என்றான் ஆரின்.

பொழுது சாயும்வரை புதைத்தேன். கடைசி நாலைந்து தடவையும் சட்டென்று எடுத்துவிட்டார்கள். காப்பிக்கு உட்கார்ந்ததும் சரிவுப் பேச்சு மறுபடி வந்தது.

"நீயே முதல்ல ஏறுடா," என்றான் ஆரின்.

"சேச்சே, வயசுல பெரியவன், நீ போ."

சொன்ன சொல்லை நான் மாற்ற முடியாது. "சரி, போயிட்டு வாங்க," என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஆரின் அந்த வைக்கோல் ஜாக்கெட்டிலிருந்து மூன்றாவது பீக்கனை எடுத்து என் தோளில் மாட்டினான்.

"என்ன இது?"

"நான் தொலைச்ச எதையாவது நீ கண்டுபிடிக்காம விட்டிருக்கியா? நானே தொலைஞ்சா யாரு தேடறது, இவனா? நீயும் வா."

"அவன் சொல்றது நியாயம்தான்," என்றான் லைல்.

இத்தனை வருஷத்தில் இவன் பேசிய ஒரே காதல் பேச்சு, அதுவும் லைலை எதிரில் வைத்துக்கொண்டு. எரிச்சலாக இருந்தது. அழுகையும் வந்தது. ஆரின் அதற்குள் மேஜைக்கடியில் குனிந்து எதையோ துழாவிக்கொண்டிருந்தான்.

"வர்றேன்," என்றேன். "எழுந்திரு. தொப்பி உன் தலையிலதான் இருக்கு."