திண்டிவனம் வருவதற்குள் மூன்று ஆல்பம்

ஓடுகிற பஸ்ஸில் எஞ்சின் பெட்டி மேல் முட்டி போட்டு, ஜூட் சினிமாப் பாட்டு சிடியை உருவினான். தன் சிடியைத் திணித்தான். கிதார் வெடித்தது.

"டேய்! யாரக் கேட்டுடா கை வச்ச?" கண்டக்டர் கோதண்டபாணி பாய்ந்து வந்தார்.

"திண்டிவனம் வரைக்கும்தாண்ணே. கால்ல விழறேன்."

நாலு மணிக்குத் திண்டிவனம் பங்குக்கோயில் ஹாலில் 'பேஜாரு' பேண்டின் கச்சேரி. டிரம்ஸ் ஜூட். பாடகன் அந்தோணி பிரபு அங்கே நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறான். ஏழு வருஷம், மூன்று ஆல்பம். போன கச்சேரிக்கு வந்தது ஆறு பேர். அதில் இரண்டு பேர் ஹாலைப் பூட்ட வந்தவர்கள். இன்றைக்கு ஹால் நிறைந்தே ஆக வேண்டும். இந்த பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தார்கள்.

பால்பாயின்ட் பேனா விற்கிறவன் மாதிரி கம்பியைப் பிடித்து நின்றான் ஜூட்.

"அம்மா, ஐயா! இதுக்குப் பேரு பாப்-பங்க். ரெண்டே நிமிஷம், அதுக்குள்ள காதலும் இருக்கும், சண்டையும் இருக்கும். மொத ஆல்பம் 'ஹால் டிக்கெட்', பரீட்சைல கோட்டை விட்டவங்களுக்கு. புதுசா கேக்குறவங்க ரெண்டாவதுல ஆரம்பிங்க, 'கரண்ட் இல்ல'..."

"இன்னா தம்பி, பாடுறானா, பொண்டாட்டிய திட்டுறானா?" மல்லாட்டைக் கடலை மூட்டையோடு உட்கார்ந்திருந்த தையல்நாயகி கேட்டாள். பஸ் சிரித்தது.

"ரெண்டும்தாங்க! இந்தப் பாட்டக் கேளுங்க, ஜல்தியா புடிச்சிடும்."

விக்கிரவாண்டி போனது. கூட்டேரிப்பட்டில் எட்டுப் பேர் இறங்கினார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஜூட் பாட்டுக்கு மேல் பாட்டாக மாற்றினான்.

"டிக்கெட் கெடையாதுங்க. வந்து உக்காந்தா போதும். கை கூட தட்ட வேணாம்!"

ஜன்னலோரத்தில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். கோதண்டபாணி கையை நீட்டி பிளேயரை அணைத்தார். எஞ்சின் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

"போதும்பா. இன்னைக்கு வரலன்னா அடுத்த கச்சேரிக்கு வர்றாங்க. எதுக்கு இப்படி உயிர விட்டுக்கினு கீற?"

"அடுத்த கச்சேரி இல்லண்ணே."

ஜூட் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான்.

"பிரபுவுக்குத் தொண்டைல கேன்சர். நாளன்னைக்குக் குரல்வளைய எடுக்குறாங்க."