நான்காம் வரிசை

ஊதாப் பட்டாணிப் பூவில் வெள்ளைப் பட்டாணியின் மகரந்தத்தைத் தடவியவள் நான்தான். போன வருடம் அதில் வந்த செடிகளெல்லாம் ஊதாவாகவே பூத்தன. அவற்றின் விதையை நானே காயவைத்து நானே விதைத்தேன். இந்த ஜூனில் பார்த்தால், நான்கு வரிசையிலும் ஊதாவுக்கு நடுவே வெள்ளைப் பூ. வேறு விதை எப்படியோ கலந்துவிட்டது என்றே நினைத்தேன்.

விதையைக் கலந்தவள் என்று பேர் வந்துவிட்டால் மொராவியாவில் எந்த விதைத் தோட்டத்திலும் வேலை கிடைக்காது. எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் நான்காம் வரிசையின் வெள்ளைகளைப் பிடுங்கி வாத்துகளுக்குப் போட்டேன். மூன்றாம் வரிசையில் கை வைப்பதற்குள் முதலாளி ஹாவெலும் மேஸ்திரி மத்தோஉஷும் வந்துவிட்டார்கள்.

"அபொலேனா வெள்ளையாப் பூக்குற சமையல்கட்டுப் பட்டாணியக் கலந்துட்டா, முதலாளி" என்று என்னைக் காட்டினான் மேஸ்திரி. "இவளுக்குக் கவனமெல்லாம் ஞாயித்துக்கிழமை டான்ஸு மேலதான்."

முதலாளி ஒவ்வொரு வரிசையாக எண்ணி நோட்டில் குறித்தார். முதல் வரிசையில் ஊதா முப்பத்தெட்டு, வெள்ளை பதின்மூன்று. இரண்டாவதில் நாற்பத்தொன்று, பதினான்கு. மூன்றாவதில் முப்பத்தைந்து, பதினொன்று.

"கைதவறிக் கலந்திருந்தா ஒரு வரிசைல கொட்டிக் கிடக்கும், ஒண்ணுல இருக்கவே இருக்காது. இது மூணுலயும் கிட்டத்தட்ட நாலுக்கு ஒண்ணு. வெள்ளை எங்கயும் போகலடா. போன வருஷம் ஊதாவுக்குள்ள ஒளிஞ்சிருந்திருக்கு."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் அவர் நான்காம் வரிசைக்குப் போய்விட்டார். ஊதா முப்பத்துநான்கு. வெள்ளை ஒன்றுகூட இல்லை.

மேஸ்திரி இளித்தான். "ஒண்ணுல இருக்கவே இருக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

முதலாளியின் முகம் செத்துப்போனது. நோட்டில் மொத்தப் பக்கத்தையும் அடிக்கப் பென்சிலை எடுத்தார். வாயை மூடிக்கொண்டிருந்தாலும் வேலை போகும், திறந்தாலும் போகும். ஆனால் அந்த மூன்று வரிசையும் என்னால் பொய்யாவதை என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் பிடுங்கிட்டேன், முதலாளி. பயந்துபோய்."

"எத்தனை?"

"எண்ணல."

அவர் மண்டியிட்டார். நான் சாணுக்கு ஒரு விதை போடுகிறவள்; செடி பிடுங்கிய இடம் தப்பாமல் தெரியும். விரலால் தடவித் தடவிக் குழிகளை எண்ணினார். பதினொன்று.

எழுந்து, நான்காம் வரிசையை மட்டும் அடித்தார்.

"குழி இருக்கே முதலாளி, நம்பலையா?"

"நான் நம்புறேன். பிடுங்கினது வெள்ளைதானான்னு குழி சொல்லுமா? அடுத்த வருஷம் மறுபடி விதைச்சுப் பாக்கணும். நீயே விதை."

"இவளா?" என்றான் மேஸ்திரி.

"தன் தப்பத் தானே சொல்றவதான் எனக்கு எண்ணித் தரணும்" என்றார் முதலாளி.