ஒரே ஒரு சிறுநீரகம்

கணவாய்ச் சாலையைப் பனி மூடியிருந்த ஜனவரி முற்பகல். அறுவை மேசையில் புரோஃபிராவின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தேன். நாற்பத்தாறு வயது, ரொட்டிக்கடையில் வேலை. கருப்பையில் குழந்தைத் தலையளவு கட்டி. பதினோரு மாதமாக ஓயாத உதிரப்போக்கு. பதினெட்டு வயதிலேயே நோய் கண்ட இடது சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்தது வலது ஒன்றுதான்.

வலப்பக்க ரத்தக்குழாய் திடீரெனப் பீறிட்டது. குழி நிரம்பி எதுவும் தெரியவில்லை. இடுக்கியைப் போட்டு வெட்டினேன். ரத்தம் நின்றது, கருப்பையும் வெளியே வந்தது. ஆனால் துணியால் ஒற்றிய இடத்தில் மறுபடி ஈரம். சிவப்பில்லை, தண்ணீர் போலத் தெளிவாக.

“அக்லாயா, மூத்திரம் பிடிக்கிற பையில எவ்வளவு இருக்கு?”

செவிலி அக்லாயா குனிந்து பார்த்தாள். “அரைமணி நேரமா ஒரு சொட்டுகூட ஏறல, டாக்டர்.”

சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயை வெட்டியிருந்தேன். புரோஃபிராவுக்கு மிச்சமிருந்த ஒரே குழாயை.

எங்கள் ஆஸ்பத்திரியில் சிறுநீரக அறுவை நிபுணர் கிடையாது. கணவாய்க்கு அப்பால் சுச்சாவா நகரப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்த சிறுநீரக நிபுணர் கெனாதியேவுக்குப் போன் போட்டு, அக்லாயா அதை என் காதருகே தூக்கிப் பிடித்தாள்.

“வெட்டிட்டேன் சார். ஒத்தக் கிட்னிக்காரி.”

“சிறுநீர்ப்பைக்கு எவ்வளவு மேல?”

“மூணு சென்டிமீட்டர் இருக்கும்.”

“அப்பப் பிழைச்ச. பையிலயே புதுசா ஓட்டை போட்டுச் சேத்துடலாம்.”

“நீங்க வாங்க சார். கெஞ்சிக் கேக்கறேன்.”

“எதுல வர, பறந்தா? ஹெலிகாப்டரே கிளம்பல. நீதான் தைக்கணும், ஸ்மராண்டா.”

“ரெண்டு தடவ பக்கத்துல நின்னு பாத்ததோட சரி!”

“வெட்டின நுனி கறுத்திருக்கா?”

“இல்ல. வெளிர்சிவப்பாத்தான் இருக்கு.”

“அப்பத் தை. அழணும்னா அப்புறம் அழு.”

குழாயில் இழுவை விழாதபடி சிறுநீர்ப்பையை மேலே கொண்டுவந்து இடுப்புத் தசையோடு கட்டச் சொன்னார். நுனியைக் கீறி அகலமாக்கினேன். தையல் ஆறும்வரை உள்ளே விட்டுவைக்கும் மெல்லிய குழாய் அலமாரியில் ஒன்றே ஒன்று இருந்தது. முதல் தையல், இரண்டாவது. மூன்றாவது கிழிந்தது.

“கிழிஞ்சுடுச்சு சார்.”

“பிரிச்சுட்டு மறுபடி போடு. எனக்கும் கிழிஞ்சிருக்கு.”

ஆறு தையலுக்கு ஐம்பது நிமிடம். வயிற்றை மூடிவிட்டு, கழிவறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் புரோஃபிராவிடம் நானே சொன்னேன். “வெட்டினது நான். தைச்சதும் நான்.”

“கை நடுங்குச்சா?”

“நடுங்குச்சு.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “இனிமே நீங்க என்னைத் தொட வேணாம்.”

வயிற்றிலிருந்து வந்த வடிகுழாயின் புட்டியில், தையல் வழியே எட்டு நாள் சிறுநீர் கசிந்து சேர்ந்தது. எட்டு நாளும் யாரும் பார்க்காத நேரமாகப் போய் அந்தப் புட்டியின் அளவுக்கோட்டைப் பார்த்தேன். ராஜினாமாக் கடிதம் எழுதிக் கிழித்தேன், மறுபடி எழுதினேன். ஒன்பதாம் நாள் புட்டி காய்ந்திருந்தது.

ஆறாவது வாரம் உள்குழாயை சுச்சாவாவில் கெனாதியே எடுத்தார். அன்று மாலையே கூப்பிட்டார்.

“வீக்கம் இல்ல, ஒழுக்கு இல்ல. கிட்னி நல்லா வேலை செய்யுது.”

“என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா?”

“ஊருக்குப் பஸ் எத்தன மணிக்குன்னு மட்டுந்தான் கேட்டா,” என்றார்.