எத்திராஜ் சாரின் தொண்ணூற்றொரு மார்க்

திருவொற்றியூரில் இருந்த அந்தக் கல்லூரிக்கு 2004-இல் ஒரு மொழி ஆய்வகம் வந்து சேர்ந்தது. எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று தானமாகக் கொடுத்த கம்ப்யூட்டர்கள். அறைக்கு ஏசி போட்டார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு வரவும் என்று எழுதியும் ஒட்டினார்கள். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகள் முதன்முறையாக ஆங்கிலத்தின் முன்னால் வெறுங்காலோடு நின்றார்கள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் வருகிற வாக்கியத்தைச் சொன்னால், உச்சரிப்புக்கு மிஷின் மார்க் போடும். பதினாறு வருடமாக ஆங்கிலம் நடத்திவரும் எத்திராஜுக்கு அது முப்பத்து நான்கு போட்டது. கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகச் சொன்னார், இறங்கியது. பணிவாகச் சொல்லிப் பார்த்தார், இன்னும் இறங்கியது.

திறப்பு விழாவில் முதல் மார்க்காக எத்திராஜின் மார்க்கைத்தான் பெரிய திரையில் காட்டப்போவதாகக் கல்லூரி முதல்வர் சொல்லியிருந்தார். முப்பத்து நான்கு என்று வந்தால் அவ்வளவுதான். பையன்கள் அன்று சாயங்காலமே அதைப் பட்டப்பெயராக வைத்துவிடுவார்கள். ஓய்வு பெறும்வரை அவர் முப்பத்து நாலு சார்தான்.

அப்போது அவர் கண்ணில் பட்டவள் கீர்த்தி. இரண்டாம் ஆண்டு மாணவி; காசிமேட்டில் மீன் விற்கிற முத்தம்மாவின் மகள். ஒத்திகையில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

“எப்படிம்மா?” என்றார் எத்திராஜ், பொதுஅறிவுக்காகக் கேட்பதுபோல.

“கரையில நின்னுகினு போட்ல கீறவங்ககிட்ட பேசுற மாதிரி பேசணும் சார். வார்த்தைய முழுங்குனா காத்து தூக்கினு பூடும்.”

எத்திராஜ் கதவைப் பார்த்துக்கொண்டார். “என் பேர்ல ஒரு தடவை பேசிடேன். சும்மா, மிஷின் டெஸ்டிங்குக்கு.”

“டெஸ்டிங்கா சார்?”

“டெஸ்டிங்தான்.”

அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. மறுக்க மாட்டாள் என்பதும் தெரிந்தது. பேசினாள். எத்திராஜ் பெயருக்கு நேரே தொண்ணூற்றொன்று விழுந்தது.

மார்க்கோடு குரலையும் மிஷின் பதிந்து வைக்கும், அது பெண்குரலாயிற்றே என்று அவர் யோசிக்காமல் இல்லை. ஆனால் அந்தக் கல்லூரியில் மார்க்கைப் பார்ப்பார்களே தவிர, பதிலை யாரும் பார்த்ததில்லை. கட்டிவைத்த விடைத்தாள் கட்டுகள் கட்டியபடியே பழைய பேப்பர்காரனிடம் போகும். அந்த வழக்கத்தின் மேல் அவருக்கு அசையாத நம்பிக்கை இருந்தது.

விழா அன்று திரையில் தொண்ணூற்றொன்று வந்ததும் கைதட்டல் அதிர்ந்தது. சிறப்பு விருந்தினரான தொழிற்சாலை மேனேஜர் வெளியூர்க்காரர், வழக்கம் தெரியாதவர். “சாரோட குரலையும் கேட்போமே” என்று மார்க்குக்குப் பக்கத்திலிருந்த ஸ்பீக்கர் படத்தைத் தட்டிவிட்டார்.

‘தி ஷிப் இஸ் வெயிட்டிங் அவுட்சைட் தி ஹார்பர்’ என்று அறை முழுக்கக் கீர்த்தி கணீரென்று பேசினாள்.

எல்லாத் தலையும் அவள் உட்கார்ந்திருந்த மூன்றாவது வரிசைக்குத் திரும்பியது. முதல்வர் முகம் சிவந்துவிட்டது. “யாரு, நீயா? சாரோட பாஸ்வேர்டைத் திருடி விளையாடுறியா?”

கீர்த்தி எத்திராஜைப் பார்த்தாள். கோபமாக இல்லை, பஸ் வருகிற திசையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

எத்திராஜ் வாயைத் திறந்தார். “சின்னப் பொண்ணு சார், விட்டுடுங்க” என்றுதான் வந்தது.

“மன்னிப்புக் கேளு. இங்கிலீஷ்ல கேளு.”

மைக் முன்னால் வந்து நின்று அவள் மன்னிப்புக் கேட்டாள், ஒரு எழுத்து பிசகாமல். “ஃபர்ஸ்ட் கிளாஸ் புரொனன்சியேஷன்!” என்று மேனேஜர் கைதட்டினார். அவர் தட்டவும் சபையே தட்டியது. எத்திராஜும் தட்டினார். தட்டிக்கொண்டிருப்பது தன் கைகள்தான் என்று கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

இந்த செமஸ்டர் முழுக்கக் கீர்த்தி ஆய்வகத்துக்குள் வரக்கூடாது என்று முதல்வர் உத்தரவு போட்டார்.

இரண்டு ராத்திரி எத்திராஜுக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை ஆய்வக வகுப்பில் எழுந்து நின்று சொல்லிவிட்டார். “நான்தான் அவளைப் பேசச் சொன்னேன். எனக்கு வந்த மார்க் முப்பத்து நாலு.”

வகுப்பு உருகிவிட்டது. “சார், நீங்க தெய்வம் சார்” என்றான் திருமுருகன். “அந்தப் பொண்ணுக்கோசரம் பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீங்களே!”

எத்திராஜ் ஹெட்போனை மாட்டி எல்லார் முன்னாலும் பேசிக் காட்டினார். பெரிய திரையில் முப்பத்திரண்டு வந்தது.

“பாத்தியா மாமு, வேணும்னே தப்புத்தப்பா பேசுறாரு.” திருமுருகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

முதல்வரிடம் போனார். “உங்க பெருந்தன்மை எனக்குத் தெரியாதா எத்திராஜ்? ஆனா ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல?” என்று தோளில் தட்டி அனுப்பிவிட்டார் முதல்வர்.

கீர்த்தி நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எத்திராஜ் எதிரே போய் அமர்ந்தார்.

“எல்லார்கிட்டயும் சொல்லிட்டேம்மா. ஒருத்தரும் நம்பல.”

“தெரியும் சார். செவுத்துக்கு அந்தாண்டதான லேப்பு? சவுண்டு கேட்டுச்சி.”

“வீட்டுக்குத் தெரியுமா?”

“இன்னாடி தப்பு பண்ணேன்னு எங்கம்மா கேட்டுச்சி.”

“என்ன சொன்னே?”

“இங்கிலீஷு நல்லா பேசிட்டேன்னு சொன்னேன் சார்.”

மணி அடித்தது. எத்திராஜுக்கு அடுத்து வகுப்பு எதுவும் இல்லை. இருந்தாலும் எழுந்து வேகமாக நடந்தார்.