கில்தோரன் சபையின் அழைப்புப் பத்திரம்

கில்தோரனுக்குப் புதிதாக வந்த போதகர் லாக்லன் டெய்ட்டின் குரல் கோயிலுக்குள் யாருக்கும் கேட்கவில்லை. வெளியே நின்று மாட்டை அதட்டினால் அடுத்த பள்ளத்தாக்கு வரை கேட்கும். பிரசங்க மேடையில் ஏறினால் வாய் மட்டும் அசையும். சபையார் இதில் ஆச்சரியப்படவில்லை. ஸ்காட்லாந்தில் போதகரைச் சபைதான் கையெழுத்திட்டு அழைக்கும். இவரையோ ஜமீன்தார் சர் நினியன், அது என் உரிமை என்று யாரையும் கேட்காமல் கொண்டுவந்து இறக்கியிருந்தார். கூப்பிடாத ஆளின் சத்தம் எப்படிக் கேட்கும்? ஆள் தங்கமான மனிதர், அதுதான் பாவம்.

ஏழு மாதம் சபையார் பிரசங்கத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எஃபி மெக்கின்னனுக்கு மட்டும் அது போதவில்லை. கணவன் கடலோடு போனபின் பிறந்த அவள் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை. சபை நடுவே பெயர் சொல்வது காதில் விழுந்தால்தான் செல்லும் என்று மூப்பர்கள் சொல்லிவிட்டார்கள். குழந்தைக்கோ இருமல். பெயரில்லாமலே போய்விடுமோ என்று பயந்தாள். மூத்த மூப்பர் டூகலின் வாசலில் அவள் போட்ட கூச்சலில், ஒரே வாரத்தில் அழைப்புப் பத்திரம் எழுதி, குடும்பத் தலைவர்கள் நாற்பத்தொரு ஆண்களும் கையெழுத்திட்டார்கள்.

அந்த ஞாயிறு போதகரின் குரல் கணீரென்று கேட்டது, ஆண்களுக்கு மட்டும். எஃபி தண்ணீர்க் கிண்ணத்தருகே குழந்தையைக் கொடுக்காமல் இறுக்கிக்கொண்டாள்.

"நல்லாத்தானேம்மா பேசுறாரு, குடேன்" என்றார் டூகல்.

"எம் புள்ள பேரு எங்காதுல விழலையே, மூப்பரே! உங்க காதைக் கழட்டிக் குடுப்பீங்களா?"

"பொம்பளைங்க கையெழுத்துப் போட்டதா சபை ஏட்டுலயே இல்லையே."

"போதகர் ஊமையானது மட்டும் ஏட்டுல இருக்கா? பேனாவக் கொண்டாங்க!"

டூகல் கொண்டுவந்தார், வேறென்ன செய்வார்? எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள், தெரியாதவர்கள் கீறினார்கள். கடைசிப் பெண் பேனாவை வைத்ததும், போதகர் குழந்தைக்கு இட்ட "உனா" என்ற பெயர் கோயில் முழுக்க ஒலித்தது. எஃபி வாய்விட்டு அழுதாள்.

பத்திரம் ஜமீன்தாரிடமும் போனது. நான் வைத்த ஆளுக்கு நானே கையெழுத்துப் போடுவதா என்று திருப்பி அனுப்பினார். பிறகு பத்தொன்பது வருடம், ஒரு ஞாயிறும் தவறாமல், தன் உயர்ந்த இருக்கையில் உட்கார்ந்து போதகரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணத் தெரிந்த வயது வந்ததிலிருந்து, எத்தனையாவது சங்கீதம் என்று கீழ்வரிசையிலிருந்து உனா விரல்விட்டுக் காட்டுவாள். அவரும் தலையசைத்துப் பக்கத்தைத் திருப்புவார்.