நாற்பதடி மௌனம்

நீதிமன்ற உத்தரவு கைக்கு வந்த பதினோராவது நாள், சேலையூரில் ஒரு தேவாலயத்தில் முந்நூறு பேர் எழுந்து நின்று பாடியபோது ஒருவர் குரலும் வெளியே வரவில்லை. வாய்கள் திறந்து மூடின. கீபோர்டு வாசித்தவரின் விரல்கள் ஓடின. மின்விசிறிகள் சுற்றுவதும் கேம்ப் ரோட்டில் ஒரு பேருந்து ஹாரன் அடிப்பதும் தெளிவாகக் கேட்டன. பாட்டு மட்டும் கேட்கவில்லை. ஆயர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். தட்டிய சத்தம் கேட்டது. அவர் ஜெபிக்கத் தொடங்கியதும் மறுபடி ஒன்றுமில்லை. வெளிறிய முகத்தோடு அவர் கையசைக்க, சபையார் பாட்டையே மீண்டும் பிடித்தார்கள். கடைசி வரிசையில் ஆறு வயது மகள் வெண்பாவை மடியில் வைத்திருந்த ஐசக், பிள்ளை தண்ணீர் கேட்டுச் சிணுங்கியதால் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். கேட்டைத் தாண்டி நாலடி வைத்திருப்பான். பின்னால் முந்நூறு குரல்களும் ஒரு சரணத்தின் நட்டநடுவிலிருந்து வெடித்துக் கிளம்பின.

அது 2018. ஐசக் மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பிரஸ் மெஷின் ஓட்டுபவன். அவன் மனைவியாக இருந்த சுப்ரஜா தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தாள். காதலித்து, பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டவர்கள். பிள்ளை பிறக்கும்வரை அவள் அங்காளம்மனோடும் அவன் வேதப்புத்தகத்தோடும் ஒரே ஹாலில் குடித்தனம் செய்தார்கள். பிள்ளைக்கு முதலில் ஞானஸ்நானமா, மொட்டையடித்துக் காதுகுத்தா என்ற கேள்வியில் பேச்சு நின்றது. பிறகு எல்லாமே நின்றது. மனமொத்த விவாகரத்தில் பாத்திரம், பீரோ, ஸ்கூட்டர் எல்லாம் ஒரே நாளில் பிரிந்தன. பிள்ளையின் சாமி விஷயம் மட்டும் நான்கு வாய்தா இழுத்தது. கடைசியில் ஏழாவது நிபந்தனை எழுதப்பட்டது: பதினெட்டு வயது முடியும்வரை தாயோ தந்தையோ, அவர்கள் சார்பில் வேறெவருமோ, எந்த மதத்தின் சொல்லையும் பிள்ளையின் காதில் போடக்கூடாது. இருவரும் மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார்கள். அது அடுத்தவரின் வாயைக் கட்டும் என்றே இருவரும் நினைத்தார்கள். வார நாட்களில் பிள்ளை முடிச்சூரில் தாயிடம், சனி ஞாயிறு சேலையூரில் தந்தையிடம் என்று ஆனது. ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது கணக்கில் வராது என்று எண்ணித்தான் ஐசக் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைத் தேவாலயத்துக்குத் தூக்கிப் போனான்.

நிபந்தனையை மனிதர்கள் மீறலாம், காற்று மீறவில்லை. அந்த ஆடி மாதம், ஐசக் வீட்டுத் தெருமுனை அம்மன் கோயிலில் மைக் செட் போட்டிருந்த சின்னப்பன், சனிக்கிழமை காலை ஒலிபெருக்கி ஊமையானதும் வயரை மாற்றினார், பெட்டியை மாற்றினார், கரண்ட்காரர்களைத் திட்டினார். வெண்பா அப்பாவோடு பால் வாங்கக் கடைக்குப் போனதும் பாட்டு வந்தது. திரும்பி வந்ததும் போனது. மூன்றாவது தடவை சின்னப்பன் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து ரோட்டிலேயே குந்தி அளந்தார். நாற்பதடி. "சார், தப்பா நென்ச்சிக்காத. என் செட்டுல ஒண்ணியும் கோளாறு இல்ல. உன் பொண்ணு அங்க கீது, பாட்டு இங்க பூட்ச்சி" என்றார். கோபமெல்லாம் இல்லை. அதற்குப் பிறகு ஒலிபெருக்கிக் குழாய்களை நாற்பத்தைந்து அடி தள்ளிக் கட்டினார். மார்கழியில் அரையாண்டுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள், விடியற்காலைப் பாட்டுக்குப் பயந்து, வெண்பாவைத் தங்கள் வீட்டில் தூங்க அனுப்பும்படி ஐசக்கிடம் வந்து கேட்டார்கள். ஒரு வருடம் இரண்டு வீட்டார் அவளுக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். பிறகு அதுவும் பழகிவிட்டது.

ஐசக்குக்கு மட்டும் பழகவில்லை. கோயிலும் தேவாலயமும் வாயடைத்தது அவனை அவ்வளவு உலுக்கவில்லை; தன் வாயும் அடைபடும் என்பதை அவன் எதிர்பார்க்கவே இல்லை. அவன் பேச்சில் பாதி எங்கிருந்து வந்தது என்பது அந்தப் பாதி காணாமல் போனபோதுதான் தெரிந்தது. சாப்பாட்டுக்கு முன் சொல்லும் நான்கு வரி போயிற்று. பிள்ளை தடுக்கி விழுந்தால் தன்னையறியாமல் வரும் கூப்பாடு போயிற்று. முடிச்சூரிலும் அதே கதைதான். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சுப்ரஜா மிரட்டினால் 'பொய் சொன்னா' என்பதோடு குரல் நின்றுவிடும். மிரட்டலுக்குப் பதில் தாய் வாயைத் திறந்துகொண்டு நிற்பதைத்தான் பிள்ளை பார்க்கும். ஒருமுறை ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் ஒரு பையன் பைக்கால் மோதி ஐசக்கின் முழங்கையைப் பெயர்த்தான். கூட்டம் கூடி அவனை அடிக்கப் போனது. ஐசக் தடுத்து, தண்ணீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டான். "ஏம்பா அவனை விட்டுட்ட?" என்று வெண்பா கேட்டாள். அவனிடம் பதில் இருந்தது. ஐசக்குக்கு அவன் அப்பா வேதப்புத்தகத்திலிருந்து சொன்ன பதில். சொன்னான். ஆட்டோக்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிள்ளை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, விடு" என்றாள். தான் நல்லதென்று நம்புகிற ஒன்றைக்கூடக் காரணத்தோடு மகளிடம் கொடுக்க முடியாமல் சாகப் போகிறோம் என்ற பயம் அன்று அவனுக்குள் நுழைந்தது. அன்றிலிருந்து ஞாயிறு காலைகளில் அவளை எதிரில் உட்காரவைத்து, கேட்காது என்று தெரிந்தே, தலை குனிந்து ஜெபித்தான். சுப்ரஜாவும் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளக்கேற்றி உதடசைத்தாள். வருடங்கள் போயின.

2023 ஆகஸ்டில் ஐசக்கின் இடது ஆள்காட்டி விரல் பிரஸ் மெஷினில் நசுங்கியது. நகம் போனது, விரல் பிழைத்தது. சனிக்கிழமை வந்த வெண்பா விரலில் இருந்த கட்டைப் பார்த்தாள். பதினோரு வயது. இடியாப்பத்தைத் தட்டில் பிய்த்தபடியே, சுப்ரஜாவின் பேச்சு ஏற்ற இறக்கம் அப்படியே இருக்க, சத்தமாகச் சொன்னாள்: "அங்காளம்மா, எனக்கு அந்தாளு மேல கோவம் தீரல. தீரவும் வேணாம். ஆனா மெஷின்ல கை மாட்டாம பாத்துக்கோ தாயே, புள்ளைக்குச் சோறு ஊட்டுற கை."

ஐசக்கின் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது. ஐந்து வருடத்தில் பிள்ளை இருக்கும்போது அந்த வீட்டுக்குள் கேட்ட முதல் சாமி பெயர் அது. செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி, நாற்பதடி தாண்டி பேருந்து நிறுத்தம் வரை ஓடி, அங்கிருந்து சுப்ரஜாவுக்குப் போன் செய்தான். உடன்படிக்கையை முறித்துவிட்டாள், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், நீதிமன்றத்துக்கு இழுப்பேன் என்று கத்தினான். அவள் முழுவதும் கேட்டாள்.

"எப்படிச் சொல்லிக்குடுப்பேன் ஐசக்? அஞ்சு வருஷமா அவளை வெச்சுக்கிட்டு ஊமை மாதிரி வெளக்கேத்துறேன். எனக்கே என் கொரல் கேக்கல" என்றாள். பிறகு, "என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

அவன் சொன்னான். "அது நான் அங்காளம்மாகிட்ட மட்டும் சொல்றது" என்று மெல்லச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது வெண்பா டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றாள். வாயைப் பார்த்தால் தெரிகிறது. முதலில் ஒவ்வொரு சொல்லாக, இப்போது முழுதாக. முகக்கவசம் போட்ட இரண்டு வருடம்தான் ஒன்றும் புரியாமல் பேஜாராக இருந்தது. நிபந்தனை எழுதியவர்கள் காதைத்தான் எழுதியிருந்தார்கள், கண்ணை யாரும் நினைக்கவில்லை. பிள்ளையின் வாயையும் நினைக்கவில்லை. அவள் சொன்னால் அது ஒலித்தது.

ஐசக் நாற்காலியில் உட்கார்ந்தான். "அப்ப நான் சொல்றது?"

"உன்னுது தெரியாதுப்பா. மீச மறைக்குது. அதுவுமில்லாம நீ குனிஞ்சுக்குற. கடைசியா 'ஆமென்'னு வாய் மூடுறது மட்டும் தெரியும்."

ஐசக்குக்கு இருபது வயதிலிருந்து மேலுதட்டை முழுதாக மூடும் மீசை. தொழிற்சாலையில் அவனை அடையாளம் சொல்வதே அதை வைத்துத்தான். மறுநாள் காலை சலூனில் அதை எடுக்கச் சொன்னபோது கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னாண்ணா, வேண்டுதலா?" என்றார். ஐசக் ஆமாம் என்றான். "கோயிலுக்கா, மாதாவுக்கா?" என்று கேட்டுக்கொண்டே அவர் சோப்பு நுரை குழைத்தார். கண்ணாடியில் தெரிந்த உதடு வேறு யாருடையதோ போல வெளிறி, மெலிந்து, குளிரில் நிற்பதைப்போல இருந்தது.

வீட்டுக்கு வந்து மகளுக்கு எதிரில் உட்கார்ந்தான். வாயைத் திறந்தான், உடனே மூடிக்கொண்டான். ஐந்து வருடமாக மீசைக்குப் பின்னால் ஒவ்வொரு ஞாயிறும் தான் கேட்டு வந்தது என்ன என்பது அப்போதுதான் அவன் முன்னால் வந்து நின்றது. அந்த வீட்டிலிருந்து என் பிள்ளையை எடுத்துவிடு. அந்தப் பெண்ணைத் தலைகுனிய வை. ஒரு ஞாயிறு தவறாமல் கேட்டிருந்தான். அதே வாரங்களின் வெள்ளிக்கிழமைகளில் சுப்ரஜா அவன் கைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை இதுவரை அதைப் படித்ததில்லை என்ற நிம்மதியும், அந்த நிம்மதி தந்த அவமானமும் சேர்ந்து அவனுக்கு வியர்த்தது. வெண்பா கன்னத்தில் கைவைத்து, புதிய உதட்டை ஆர்வமாகப் பார்த்துக் காத்திருந்தாள். அன்று அவனால் எதுவும் சொல்ல முடியவில்லை. அடுத்த ஞாயிறும் முடியவில்லை. மெஷின் பக்கத்தில் நின்று, பேருந்தில் நின்று, சொல்லத்தக்க ஒரு வாக்கியத்தை அவன் தேடினான். தொழிற்சாலையில் புது முகத்தைப் பார்த்து, "மச்சான், ரெண்டாம் கல்யாணமா?" என்று கேட்டார்கள்.

மூன்றாவது ஞாயிறு மேகம் கறுத்திருந்தது. முடிச்சூரில் சுப்ரஜா இருப்பது தரைத்தளம்; 2015இல் அந்தத் தெருவில் ஜன்னல் வரை தண்ணீர் நின்றது. ஐசக் கண்ணை மூடி, வழக்கம்போல ஒரு சத்தமும் எழாமல், ஒவ்வொரு சொல்லாக உதட்டை விரித்துக் குவித்துச் சொன்னான். சொல்லி முடித்துக் கண் திறந்தபோது வெண்பாவின் நெற்றி சுருங்கியிருந்தது. சரிபார்ப்பதற்காக அவள் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள்.

"ஆண்டவரே, இந்த மழைக்கு முடிச்சூர் வூட்டுக்குள்ள தண்ணி வரக்கூடாது. சுப்ரஜா தனியா மூட்டை தூக்கக்கூடாது. அதுக்கப்புறம் என்னப்பா? நடுவுல குனிஞ்சுட்ட."

ஐசக் தலையை நிமிர்த்தி, முதலிலிருந்து சொன்னான்.