டாஷ்போர்டின் மேல் ஒரு கையுறை

"மறுபடியும் படிங்க, பிரதர்," என்றாள் ரெனீட்டா.

"ஒண்ணு. ஒண்ணுலதான் ஆரம்பிக்குது. இருந்தும் பேரு ஜப்பான் பேருதானே?"

வண்டியின் தயாரிப்பு எண்ணை, முன் கண்ணாடி வழியே தெரியும்படி டாஷ்போர்டின் மூலையில் பொறித்திருப்பார்கள். ஒன்றில் தொடங்கினால் அமெரிக்காவில் தயாரித்தது, மூன்றென்றால் மெக்சிகோ. மிச்சிகனில் எங்கள் கார்த் தொழிலாளர் சங்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் குனிந்து எண்ணைப் பார்ப்பதில்லை. முகப்பில் இருக்கும் சின்னத்தோடு சரி. வெளிநாட்டுச் சின்னம் என்றால் சங்கத்து வாசலில் நிறுத்த விடமாட்டோம். அந்த வண்டிக்காரரைப் பதவிக்கு யாரும் முன்மொழியவும் மாட்டார்கள்.

நான் வாசல் காவல். அன்று நான்கு மணிக்கு ரெனீட்டாவைத் தையல் பிரிவின் பிரதிநிதியாக முன்மொழிவதாக இருந்தது. மூன்று வாரமாகவே அவள் மேல் எனக்குச் சந்தேகம். வாசலில் வண்டியை நிறுத்துபவர்களின் காலணியில் பனி உருகச் சாலையில் தூவும் உப்பு அவ்வளவு ஏறாது. அவளுக்குக் கணுக்கால் வரை வெள்ளையாக இருந்தது. பனியில் பதிந்த அவள் தடத்தைப் பின்பற்றிப் போனேன். இரண்டு தெரு தள்ளி, சலவைக்கடைக்குப் பின்னால், ஜப்பான் சின்னத்தோடு அந்த வண்டி ஒளிந்திருந்தது. பக்கத்திலேயே நின்ற அவள், எண்ணைப் படிக்கச் சொன்னாள்.

இதை இந்தியானாவில் தன் தங்கை வேலை பார்க்கும் ஆலையில்தான் தயாரித்தார்கள் என்றாள். சீட்டு உறை நம் ஆலையில் தைத்ததாம். தையலைத் தடவிப் பார்த்தேன். எங்கள் தையல்தான்.

"அங்க சங்கம் கிடையாது," என்றேன். "லாபமும் கடல் தாண்டிப் போகுது."

"சங்கம் இல்லாதவ வீட்டுல அடுப்பு எரிய வேணாமா?"

கூட்டத்தில் சொல்லத்தான் போகிறேன் என்றேன். அவளும் கூடவே நடந்தாள்.

சங்கத்து வாசலில் ஏழெட்டுப் பேர் புகைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் நேராக என் பிக்கப் வண்டியிடம் போனாள். வழக்கம்போல அது சுவரை முட்டிக்கொண்டு நின்றது. சின்னம் அசல் உள்நாட்டுச் சின்னம். டாஷ்போர்டின் மூலையில் என் பழைய கையுறை கிடந்தது. கோடையிலும் அது அங்கேதான் கிடக்கும்.

உள்ளே தலைவர் மேசையைத் தட்டினார். நான்கு மணி.

"கொஞ்சம் இருங்க, பிரதர் ஆர்வில்," என்றாள் ரெனீட்டா. புகைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அந்தக் கையுறைய எடுத்துட்டு, உங்க நம்பரையும் இவங்களுக்குக் கேக்கற மாதிரி படிங்க."